வாளை, வாழை

பங்குபற்றுநர் எண் பதினொன்று:
பாலையூற்று யுவக்கீன், மீன் ஏலம் கூறுபவர்.
தலைக்கு எண்ணெய் வையாமல் வரச் சொல்லியிருந்தோம்.
வைத்துத்தான் வந்திருந்தார்.
ஆஸ்பத்திரிக் குழாயடியில் பஸ்மினா சாம்பு நீட்ட
சிரித்தபடி கழுவினார்:
"கலியாணத்துக்கும் என்னை இப்பிடி ஒருத்தரும்
முழுக வாக்கேல்லை."

தொப்பியில் முப்பத்திரண்டு துளை.
துளைக்கொரு சொட்டு உப்புக்களி.
மண்டையோட்டுக்கு வெளியே நின்று
ஒட்டுக்கேட்கிற எங்களுக்கு
உப்புத்தான் தூது.

மின்விசிறியை நிறுத்தினோம், அதன் முனகல் கோட்டில் ஏறுகிறதென்று.
நிறுத்தியதும் வியர்த்தது.
வியர்வைக்கும் ஓர் அலை உண்டு,
சோம்பலாய், திரையின் அடிவரை இழுத்துக்கொண்டு போகும்.
இமைத்தால் மலை.
பல்லைக் கடித்தால் பற்றைக்காடு.
நாங்கள் தேடி வந்தது
இவை எல்லாவற்றிலும் சிறிது.

ஒலி அடைத்த கிரிக்கெற்றை அவர் பார்த்திருக்க
காதுக்குள் என் குரல் ஓடியது:
வாளை வாளை வாளை வாளை
வாளை வாழை வாளை.
தொளாயிரம் தரம் மீன்,
நூறு தரம் மரம்,
எப்போது வருமென்று சொல்லாமல்.
அந்த ழகரத்தைப் பதிய எனக்கு மூன்று நாள் பிடித்தது.
எங்கள் வீட்டிலும் வாளைப்பழம்தான்.

அடுத்து வரப்போவதை மூளை முந்திக்கொண்டு ஊகிக்கும்.
ஊகம் சரியென்றால் பேசாமல் இருக்கும்.
பிழைத்தால் மட்டும்
நெற்றிப்பக்கம் ஒரு சின்ன இறக்கம்.
இதைத்தான் ஐந்து சமன்பாட்டில் கட்டி வைத்திருந்தேன்.
நாக்குப் பிரிக்காததைக் காது பிரிக்காது, ஆகவே
இவருக்குப் பூச்சியம் என்றது என் மாதிரி.

முடிந்ததும் கேட்டேன், வித்தியாசம் ஏதும் கேட்டதா?
"என்ன வித்தியாசம் பிள்ளை?
ஆயிரம் தரம் வாளை எண்டீர்.
முள்ளுவாளையோ சாவாளையோ எண்டு சொல்லேல்லை.
ரெண்டும் வேற விலை."

ஒரு தரத்தில் ஒன்றும் தெரியாது.
நூறையும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி வகுக்கவேண்டும்.
தற்செயல்கள் தம்மைத்தாமே தின்று தீர
திரும்பத் திரும்ப நடந்தது மட்டும் மிஞ்சும்.
இரவு பத்தரைக்கு மிஞ்சியது:
சொல் பிரிகிற இடத்திலிருந்து நூற்றெழுபதாவது மில்லிசெக்கனில்
ஒரு மேடு.
(எங்கள் துறையில் இறக்கத்தை மேலே வரைவது வழக்கம்.
ஏனென்று இதுவரை ஒருவரும் எனக்குச் சரியாய்ச் சொன்னதில்லை.)
இரண்டு மைக்றோவோல்ற்.
தான் கேட்கவில்லை என்றார் யுவக்கீன்.
யாரோ கேட்டிருக்கிறார்.

நூறு என்றேனே, தொண்ணூற்றொன்பது.
ஒன்றைக் கழித்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டாவது ஒலியில்
உட்துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் ஊத
உடம்பு முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பி
வாய்க்குள் என்னவோ சொன்னார்.
முப்பத்திரண்டு கோடும் ஒருசேர எகிறின.
நூறு மைக்றோவோல்ற்றைத் தாண்டினால் நீக்கு என்பது விதி.
நீக்கினேன்.
அன்று பகல் அவர் உண்மையாகவே கேட்டது
அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் தொப்பியை நானே மாட்டிக்கொண்டேன்.
பஸ்மினா இரண்டு தரம் சரிபார்த்தாள்.
என் கோடு
ஏப்ரல் மாதத்து டச்சு விரிகுடாபோல் கிடந்தது.
"தூங்கிட்டீங்களா?" என்றாள்.
தூங்கவில்லை.

சனிக்கிழமை விடியச் சந்தைக்குப் போனேன்.
ஈரச் சீமெந்தில் நின்று அவர் கூறிக்கொண்டிருந்தார்:
ஆயிரத்து எளுநூறு, எளுநூறு,
எளுநூற்றம்பது, வேற ஆர்?
ழகரத்துக்காகக் காத்து நின்றேன்.
என் நெற்றியில் ஒன்றும் இறங்கவில்லை.

முள்ளுவாளை ஒன்று வாங்கினேன்.